காற்றில் கரையும் கருவூலம்!

மூன்று மூட்டை நெல் வாங்குகிறார் ஒருவர். ஒரு மூட்டையைக் குதிரில் கொட்டுகிறார். மற்ற இரண்டையும் தெருவிலே கொட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் போகிறார். மறுவாரம், "நெல் போதவில்லையே!" என்று அங்கலாய்க்கிறார், கடன்பட்டு மேலும் மூன்று மூட்டை வாங்குகிறார், மீண்டும் இரண்டைத் தெருவிலே கொட்டுகிறார்!

என்ன சொல்வோம் அவரை? பித்தர் என்போம், பிழைக்கத் தெரியாதவர் என்போம். ஆனால், ஒரு நாடே இந்தக் காரியத்தைச் செய்தால்? அதற்கு மதிப்பானதோர் பெயர் இருக்கிறது: அனல் மின் உற்பத்தி!

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களில், எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மற்ற இரண்டு பங்கு? புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது. மேட்டூரிலும் நெய்வேலியிலும் வானளாவ நிற்கும் குளிர்விக்கும் கோபுரங்கள் வழியே காற்றுக்குப் போகிறது. கடற்கரை நிலையங்களில் சூடான நீராய்க் கடலுக்குப் போகிறது. கோபுரத்தின் உச்சியில் திரளும் வெண்மேகத்தைப் படம்பிடித்து, "வளர்ச்சியின் சின்னம்" என்று நாட்காட்டியில் போடுகிறார்கள். வளர்ச்சியின் சின்னமா அது? வாங்கிய கரியின் விலை, ஆவியாய்ப் போகும் காட்சி அது!

பொறியாளர்களைக் குறை சொல்கிறோம் என்று எண்ணிவிட வேண்டாம். வெப்பம் முழுவதையும் மின்சாரமாக்க எவராலும் இயலாது; அது இயற்கையின் கட்டளை. ஆனால், மின்சாரமாக இயலாத வெப்பத்தை வேறொரு வேலைக்குப் பயன்படுத்துவதை இயற்கை தடுக்கவில்லை. தடுப்பது நம் திட்டமின்மை! மின் நிலையம் ஓரிடம், வெப்பம் தேவைப்படும் ஆலை ஓரிடம் என்று பிரித்து வைத்தோம். அங்கே வெப்பத்தைக் கொட்டுகிறார்கள்; இங்கே வெப்பத்துக்கென்று தனியே விறகும் எண்ணெயும் எரிக்கிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் இணைத்தால், எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு வரை பயன்படும். இதற்குத்தான் "இணை மின் உற்பத்தி" என்று பெயர்.

புத்தம் புதுக் கண்டுபிடிப்பா இது? இல்லை. 1882-இல் நியூயார்க் நகரில் எடிசன் தொடங்கிய பேர்ல் தெரு மின் நிலையமே மின்சாரத்தோடு நீராவியையும் அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கு வழங்கியது என்பர். டென்மார்க் என்றொரு சிறு நாடு. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது, தன் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்து திகைத்து நின்ற நாடு. திகைத்ததோடு நிற்கவில்லை; 1979-இல் வெப்ப வழங்கல் சட்டம் இயற்றியது. மின் நிலையத்தின் வெப்பத்தைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பியது. இன்று அங்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு வீடுகளுக்கு வெப்பம் குழாயில் வருகிறது. அமெரிக்காவிலும் 1978-இல் ஒரு சட்டம் வந்தது: தகுதியுள்ள இணை உற்பத்தியாளர் மின்சாரம் தந்தால், மின் நிறுவனம் அதை நியாய விலைக்கு வாங்கியே தீரவேண்டும் என்றது அது.

"அது பனி கொட்டும் நாடு, வீட்டைச் சூடாக்க வேண்டும். நமக்கோ அக்கினி நட்சத்திரம்! வெப்பத்தை வாங்க இங்கே ஆள் ஏது?" என்று கேட்பார்கள் சிலர்.

ஆள் இருக்கிறது, ஐயன்மீர்! கரும்பு ஆலைக்கு வெப்பம் வேண்டும். காகித ஆலைக்கு வேண்டும். சாயப்பட்டறைக்கு வேண்டும். பால் பண்ணைக்கு வேண்டும். அவ்வளவு ஏன், வெப்பத்தைக் கொண்டே குளிர்ச்சி உண்டாக்கும் எந்திரங்கள் உள்ளன. மருத்துவமனைக்கும் மீன் பதப்படுத்தும் கூடத்துக்கும் அந்தக் குளிர்ச்சி வேண்டும். இவற்றுள் தலைவாசலில் நிற்பது கரும்பு ஆலை. ஆதலால் அதைப் பற்றியே விரித்துரைப்போம்.

சக்கையிலே சக்தி

ஒரு டன் கரும்பைப் பிழிந்தால் ஏறத்தாழ 300 கிலோ சக்கை மிஞ்சுகிறது. சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையாக்க நீராவி வேண்டும். அந்த நீராவிக்கு எரிபொருளைத் தேடி எங்கும் போக வேண்டாம், சக்கையே எரிபொருள். சாற்றையும் தந்து, அதைக் காய்ச்ச அடுப்பு விறகையும் தருகிறது கரும்பு!

பழைய ஆலைகளில் என்ன செய்தார்கள்? குறைந்த அழுத்தக் கொதிகலன்களை வைத்தார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோ அழுத்தம்தான். சக்கை மலைபோலக் குவிந்தால் இடைஞ்சல், ஆகவே எரித்துத் தீர்த்தால் போதும் என்ற எண்ணத்தில், சிக்கனத்தைப் பற்றிக் கவலைப்படாமலே அந்தக் கொதிகலன்கள் அமைக்கப்பட்டன. ஆலையின் சொந்தத் தேவைக்கு மின்சாரம் கிடைத்தது, அதோடு சரி.

அதே சக்கையை 67, 87, 110 கிலோ அழுத்தமுள்ள கொதிகலனில் எரித்தால் கதையே வேறு! உயர் அழுத்த நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றுகிறது; மின்சாரம் பிறக்கிறது. வேலை முடித்து அழுத்தம் தணிந்து வரும் அதே நீராவி, அடுத்தபடியாகச் சாறு காய்ச்சப் போகிறது. ஒரே நெருப்பு, இரண்டு ஊழியம்! ஆலையின் தேவை போக, டன் கரும்புக்கு நூறு யூனிட் அளவுக்கு மின்சாரம் வெளியே விற்க மிஞ்சும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு 2,500 டன் அரைக்கும் நடுத்தர ஆலை. டன்னுக்கு 100 யூனிட் என்றால், நாளொன்றுக்கு இரண்டரை இலட்சம் யூனிட். 150 நாள் அரவை என்றால், மூன்றே முக்கால் கோடி யூனிட்! தமிழகத்தில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கப்படுகிறதே, அந்தக் கணக்கில் ஒரே நாள் அரவையின் மின்சாரம் 2,500 வீடுகளின் இரண்டு மாத இலவச ஒளிக்கு ஈடாகும். அதற்காக ஒரு கைப்பிடி நிலக்கரி கூடக் கப்பலில் வரவேண்டியதில்லை.

காற்று ஓயும்போது கரும்பு!

இன்னொரு பொருத்தத்தைப் பாருங்கள். ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் சுழலும் காற்றாலைகளுக்கு மே, சூன் தொடங்கிச் செப்டம்பர் வரைதான் பருவம். அதன் பிறகு காற்று ஓய்ந்துவிடுகிறது. கரும்பு அரவையோ, பெரும்பாலும் கார்காலம் கழிந்து தொடங்கிக் கோடை வரை நடப்பது. காற்று உறங்கும் மாதங்களில் ஆலை விழித்திருக்கிறது! அந்தக் கோடையில்தான் மின் தேவையும் உச்சிக்குப் போகிறது. 2024 மே மாதத்தில் தமிழகத்தின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது.

சூரிய ஒளி மின்சாரம் மலிவு என்கிறார்கள், உண்மை, வரவேற்கிறோம். ஆனால் மாலை ஆறு மணிக்குக் கதிரவன் விடைபெறுகிறான். வீட்டு விளக்கு அப்போதுதான் எரியத் தொடங்குகிறது! அரவை ஆலை இரவு பகல் பாராது ஓடுவது. பகலில் கதிரவன், ஆடியில் காற்று, அரவையில் கரும்பு. மூன்றும் சேர்ந்தால்தான் முழுமை.

இதிலே மற்றொரு நன்மையும் உண்டு. ஆலை இருப்பது கிராமத்தின் நடுவே. அங்கே பிறக்கும் மின்சாரம் அக்கம்பக்கத்துப் பம்புசெட்டுக்கே பாயும். நெடுந்தொலைவு கம்பியிலே பயணம் செய்து பாதி வழியில் தேய்கிற நட்டம் குறையும்.

சட்டம் இருக்கிறது, செயல் எங்கே?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு, இணை மின் உற்பத்தியை வளர்ப்பதும், மின் கட்டமைப்போடு இணைக்க வழி செய்வதும், மின் வழங்குவோர் இத்தனை விழுக்காடு வாங்கவேண்டும் என்று வரையறுப்பதும் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் கடமை என்று எழுத்திலே எழுதி வைத்திருக்கிறது. அதற்கும் முன்பே, 1993-இல், மைய அரசின் மரபுசாரா எரிசக்தி அமைச்சகம் வழிகாட்டியது: யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 1994-95-ஐ அடிப்படையாகக் கொண்டு ஆண்டுதோறும் 5 விழுக்காடு உயர்வு என்று. அத்தகைய ஊக்கம் கிடைத்த இடங்களில் ஆலைகள் முன்வந்தன. தமிழகத்துத் தனியார் ஆலைகள் சிலவும் முன்வரிசையில் நின்றன. விலை உறுதி என்றால் முதலீடு வரும். விலை ஊசலாடினால் முதலீடு ஓடும். இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை!

கூட்டுறவு ஆலைகளின் கதை என்ன? 10 கூட்டுறவு ஆலைகளிலும் 2 பொதுத்துறை ஆலைகளிலும் மொத்தம் 183 மெகாவாட் இணை மின் நிலையங்களை மின்வாரியமே அமைப்பதென்று திட்டம் தீட்டப்பட்டது. நல்ல திட்டம், நாடு வரவேற்ற திட்டம். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. தறி நின்றது, பம்பு நின்றது, மாணவர்கள் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடினார்கள். அந்த நாட்களில் இந்த 183 மெகாவாட்டும் ஓடியிருந்தால் இருள் முழுவதும் நீங்கியிராதுதான். ஆனால் எத்தனையோ ஊர்களில் இருளின் நீளம் குறைந்திருக்கும். காலத்தே செய்யாத நன்மை, பாதி நன்மைதான்!

பின்னர் வறட்சி வந்தது. 2011-12-இல் 23 இலட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை தந்த தமிழகம், 2017-18-இல் பத்து இலட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. தண்ணீரில்லை, கரும்பில்லை, கரும்பில்லையேல் சக்கையில்லை, சக்கையில்லையேல் மின்சாரமும் இல்லை. உயர் அழுத்தக் கொதிகலன் உயர்ந்து நின்றால் போதுமா? அதற்கு உணவூட்டும் உழவன் நிமிர்ந்து நிற்கவேண்டாமா?

இங்கேதான் விஷயத்தின் உயிர் இருக்கிறது.

உழவர்க்குப் பங்கு எங்கே?

வெட்டு ஆணைக்குக் காத்திருந்து, வெட்டுக்கூலி கொடுத்து, வண்டியேற்றி ஆலை வாசலில் இரவெல்லாம் விழித்திருந்து கரும்பைக் கொடுப்பவர் உழவர். கொடுத்த 14 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி என்று 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. நடைமுறையோ நாடறிந்தது! "பணம் எங்கே?" என்று ஆலையைக் கேட்டால், "மின்சாரம் விற்ற பணம் வரவில்லை" என்கிறது ஆலை. மின்வாரியத்தைக் கேட்டால், "கையிலே காசில்லை" என்கிறது. நிலுவைச் சங்கிலியின் கடைசிக் கண்ணி உழவரின் கழுத்தில்தான் விழுகிறது.

ஆலைக்குச் சர்க்கரை ஒரு வருவாய். கழிவுப்பாகு ஒரு வருவாய். மின்சாரம் மற்றொரு வருவாய். இத்தனையும் தரும் கரும்புக்கு மட்டும் ஒரே விலையா? 2012-இல் டாக்டர் இரங்கராசன் தலைமையிலான குழு, சர்க்கரையோடு சக்கை, கழிவுப்பாகு ஆகிய துணைப்பொருள்களின் மதிப்பையும் சேர்த்து, அதில் நூற்றுக்கு 70 பங்கு உழவர்க்குச் சேரவேண்டும் என்று பரிந்துரைத்தது. தெருமுனைக் கூட்டத்துக் கோரிக்கையன்று அது. பொருளியல் அறிஞரின் கணக்கு! சக்கை குப்பையன்று என்பதற்குச் சான்று வேண்டுமா? புகழூரில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலையைப் பாருங்கள். 1984 முதல் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. விலையுள்ள பொருளுக்கு உரியவனுக்கு விலை தரவேண்டாமா?

கடலுக்கு அப்பால் ஒரு கரும்புத் தீவு

மொரீசியசு என்னும் தீவை நம் மக்கள் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறிய தமிழர்களும் வியர்வை சிந்தி வளர்த்த கரும்புத் தோட்டம் அது. அந்தத் தீவில் 1957-லேயே கரும்பு ஆலையின் மின்சாரம் பொதுக் கட்டமைப்புக்குப் போயிற்று. 1991-இல் சக்கை மின்சாரத்துக்கென்றே அரசு ஒரு திட்டம் வகுத்தது. 1994-இல் முதலீட்டு அறக்கட்டளை ஒன்றைச் சட்டத்தின் வழியே அமைத்து, ஆலைகளில் கரும்பு பயிரிடுவோரையும் தொழிலாளரையும் பங்குதாரர்களாக்கியது. கூலியாய்ப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஆலையில் பங்குடையோர். இங்கே சொந்த மண்ணில் பயிரிடுவோர் நிலுவைக்குக் காத்திருப்போர்! எண்ணிப் பாருங்கள்.

அங்கே குறையே இல்லையா? உண்டு. அரவையில்லாத மாதங்களில் அதே நிலையங்கள் நிலக்கரியை எரிக்கின்றன. அதன்மேல் அந்நாட்டிலேயே கண்டனமும் உண்டு. நல்லதைக் கற்போம், குறையைத் தவிர்ப்போம்.

மறுப்போர்க்கு மறுமொழி

"இணை உற்பத்தி என்ற பெயரில் ஆலைகள் கரியை எரித்துச் சலுகையை அனுபவிக்குமே!" என்கிறார்கள். அஞ்சவேண்டிய அச்சம்தான். ஆனால் அளவுகோல் இல்லாமலா போயிற்று? பயனுள்ள மின்சாரத்தோடு பயனுள்ள வெப்பத்தில் பாதியைச் சேர்த்தால், அது எரிபொருள் ஆற்றலில் 45 விழுக்காட்டுக்கு மேல் இருக்கவேண்டும் என்று 1996-லேயே மைய அரசு வரையறை தந்திருக்கிறது. அளந்து பார்த்துச் சலுகை கொடுங்கள். அளவு தப்பினால் சலுகையை நிறுத்துங்கள். திருடன் வருவான் என்று வீடே கட்டாதிருப்பார் உண்டோ?

"மின்வாரியத்துக்குப் பணமேது?" என்கிறார்கள். வாரியம் என்ற பெயர் பகிர்மானக் கழகம் என்று மாறிவிட்டது. பணமுடை மாறவில்லை, ஒப்புகிறோம். ஆனால் நெருக்கடி நேரத்தில் மின் சந்தையில் யூனிட் 10 ரூபாய் வரை கொடுத்து வாங்க நேரிடுகிறதே, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அடுத்த வீட்டு வெண்ணெயை அதிக விலைக்கு வாங்கிவிட்டு, நம் வீட்டு நெய்யை விலை கூடுதல் என்பதா?

செய்யவேண்டியவை

அரசினரை நாம் கேட்பவை ஐந்தே ஐந்து.

முதலாவது: இணை மின்சாரத்துக்கு நீண்டகால விலை உறுதி வேண்டும். இரவிலும் கோடையிலும் தரும் மின்சாரத்துக்கு அதற்குரிய கூடுதல் மதிப்பைக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது: வாங்கிய மின்சாரத்துக்கு நாள் குறித்துப் பணம் தரவேண்டும். அந்தப் பணம் தனிக் கணக்கில் சேர்ந்து, உழவரின் நிலுவைக்கே முதலில் போகவேண்டும்.

மூன்றாவது: மின்சார வருவாயில் கரும்பு உழவரின் பங்கைச் சட்டத்திலேயே எழுதவேண்டும். ஆலை முதலாளியின் பெருந்தன்மைக்கோ, அதிகாரியின் கருணைக்கோ விடக்கூடாது.

நான்காவது: கூட்டுறவு ஆலைகளின் பழைய கொதிகலன்களை மாற்றக் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். கூடவே சொட்டு நீர்ப் பாசனத்துக்கு முழு ஊக்கம் வேண்டும். கரும்பு வளர்ந்தால்தான் கொதிகலன் எரியும்.

ஐந்தாவது: கரும்போடு நிற்கக்கூடாது. புதிய தொழிற்பேட்டை எதை அமைத்தாலும், அங்கே வெப்பமும் மின்சாரமும் இணைந்து கிடைக்க வழியுண்டா என்று ஆராய்ந்த பிறகே அனுமதி தரவேண்டும். திருப்பூரைப் பாருங்கள். 2011-இல் சாயப்பட்டறைகள் நீதிமன்ற ஆணையால் மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு பின்னர் இயங்குகின்றன. அந்தக் கழிவுநீரைச் சுண்டக் காய்ச்ச நீராவி வேண்டும்; சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும்; துணிக்குச் சாயமேற்றவும் நீராவி வேண்டும். இரண்டும் ஒருசேர வேண்டிய இடம் இதைவிட வேறுண்டோ? பொதுச் சுத்திகரிப்பு நிலையந்தோறும் ஒரு பொது இணை மின் நிலையம் எழுந்தால் செலவும் குறையும், நொய்யலும் பிழைக்கும்.

புதிய வரி கேட்கவில்லை நாம். எங்கிருந்தோ எண்ணெய் கொண்டுவரச் சொல்லவில்லை. ஏற்கனவே எரிகிற நெருப்பிலிருந்து எழும் வெப்பத்தை வீணாக்காதீர்கள் என்கிறோம். அந்த நெருப்புக்கு விறகு தந்த உழவரை மறக்காதீர்கள் என்கிறோம். கரும்பு தின்னக் கூலியா கேட்கிறோம்? கரும்பு தந்தவர்க்குத்தான் கூலி கேட்கிறோம்!

மின்சாரம் மைய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொதுவான அதிகாரம். விலை வகுக்கும் ஆணையம் மாநிலத்தில், ஆலைகள் மாநிலத்தில், கரும்பு விளையும் கழனி மாநிலத்தில். ஆகவே தில்லியைக் காட்டித் தப்பிவிட முடியாது. அடுத்த அரவை தொடங்குமுன் ஆணை பிறக்கட்டும். ஆலைப் புகைபோக்கியில் போகிற ஒவ்வொரு நாள் வெப்பமும் திரும்பி வாராத செல்வம். அதில் ஒரு பங்கு, கழனியில் காய்ந்த கைகளுக்கு உரிய செல்வம்!